நட்சத்திர வீரருக்காக நாளைய பிக்குகளை விற்கலாமா?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் அணி ஒன்று, ஒரே ஒரு நட்சத்திர வீரரைப் பெறுவதற்காகத் தன்னுடைய அடுத்த ஆறேழு ஆண்டுகளின் முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகளை அள்ளிக் கொடுப்பது சரிதானா என்பது கேள்வி. கொடுக்கலாம் என்பதே என் பதில். ஆனால் அந்த நட்சத்திரம் வந்து சேரும் முன்பே, அணியின் முதன்மை ஆட்டக்காரராக இளவயது வீரர் ஒருவர் நிலைபெற்றிருக்க வேண்டும். அவர் அந்த ஊரிலேயே நெடுங்காலம் இருக்கப்போகிறவராகவும் இருக்க வேண்டும். வருகிறவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்பதை வைத்தே பெரும்பாலோர் இந்த வியாபாரத்தை எடை போடுகிறார்கள். என் கணக்கில், ஏற்கெனவே இருப்பவர் யார் என்பதுதான் லாப நட்டத்தைத் தீர்மானிக்கிறது.

முறை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐபிஎல்லில் நடப்பதுபோல் என்பிஏவில் ஏலம் கிடையாது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் இளைஞர்களை 30 அணிகளும் வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. அந்த வரிசையில் ஓர் அணிக்குரிய இடத்தைத்தான் பிக் என்கிறார்கள். ப்ளேஆஃபுக்குள் நுழையாத 14 அணிகளுக்கு முன்வரிசை இடங்கள் கிடைக்கும். அவற்றுள் முதலிடங்கள் யாருக்கு என்பது குலுக்கலில் முடிவாகும். 2019இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பருவத்தின் முடிவில் கடைசி மூன்று இடங்களில் இருக்கும் அணிகளுக்கு முதல் பிக் விழுவதற்குத் தலா 14 சதவீத வாய்ப்பு உண்டு. அதாவது, தோற்றவனுக்கே முதல் பந்தி. இந்த இடத்தை ஏழு ஆண்டுகளுக்கு முன்பாகவே வேறோர் அணிக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு முதல் சுற்றில் பிக்கே இல்லாமல் போகும்படி விற்கக்கூடாது என்பதே முக்கியக் கட்டுப்பாடு. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன் கண்மண் தெரியாமல் பிக்குகளை விற்றதால் வந்த இந்த விதி, இன்றும் ஸ்டெபியன் விதி என்றே அழைக்கப்படுகிறது. ஒருவர் செய்த ஊதாரித்தனத்துக்கு ஊருக்கே சட்டம். அந்தச் சட்டத்துக்கும் ஒரு சந்து உண்டு: ஓராண்டு விட்டு ஓராண்டு பிக்கைக் கொடுத்துவிட்டு, இடைப்பட்ட ஆண்டுகளில் 'உங்கள் பிக், எங்கள் பிக் இரண்டில் மேலானதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதித் தருகிறார்கள். இதற்கு ஸ்வாப் என்று பெயர்.

இப்படி விற்கும்போதெல்லாம் விதைநெல்லை விற்றுத் தின்கிறார்கள் என்ற பழி எழும். அந்த ஒப்புமை பாதிதான் பொருந்துகிறது. விதைநெல் ஊன்றினால் முளைக்கும் என்ற நம்பிக்கை உண்டு. டிராஃப்ட் பிக்குகளிலோ பதர்தான் மிகுதி. 2013இல் முதல் இடத்தில் தேர்வான ஆந்தனி பென்னட் நான்கே பருவங்களில் என்பிஏவை விட்டு வெளியேறினார். அதே ஆண்டு 15ஆம் இடத்தில் தேர்வான யானிஸ் அன்டெடகொன்போ இரண்டு முறை லீகின் மிகச்சிறந்த வீரர் விருதைப் பெற்றார். பின்னாளில் அதே விருதைப் பெற்ற நிகோலா யோகிச் 41ஆம் இடத்தில் எடுக்கப்பட்டவர். எனவே பெயர் தெரியாத ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்காக, கண்முன்னே ஆடிக் காட்டியிருக்கும் ஆட்டக்காரரை வேண்டாம் என்று சொல்வது எப்போதுமே விவேகமாகிவிடாது.

ஒப்புமை பொருந்தாததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் முக்கியமானது. ஓர் அணி தன் சொந்தப் பிக்கை விற்கும்போது, அதன் மதிப்பு விற்ற நாளில் முடிவாவதில்லை. ஐந்தாண்டு கழித்து அந்த அணி நன்றாக ஆடினால் விற்றது 25ஆம் இடம். படுமோசமாக ஆடினால் விற்றது முதலிடம். தான் விழப்போகும் ஆண்டில் தன்னைத் தாங்கிப் பிடிக்கவிருக்கும் மெத்தையை முன்கூட்டியே விற்றுவிடுகிறது அந்த அணி. வாங்குகிறவரும் அந்த வீழ்ச்சியைக் கணக்கில் வைத்துத்தான் வாங்குகிறார். வியாபாரப் பேச்சில் விற்பவர்கள் கிட்டத்து ஆண்டுகளைத் தள்ளிவிட நினைப்பதும், வாங்குகிறவர்கள் தொலைதூர ஆண்டுகளையே கேட்டு நிற்பதும் இதனால்தான்.

இதற்குப் பாடப்புத்தக உதாரணம் புரூக்ளின் நெட்ஸ். 2012இல் நியூ ஜெர்சியிலிருந்து புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்த அணி அது. உரிமையாளர் மிகயில் புரோகரோவ், ஐந்தாண்டுக்குள் கோப்பை என்று 2010இலேயே அறிவித்திருந்தார். 2013இல் பாஸ்டன் செல்டிக்ஸிடமிருந்து கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் வாங்க, 2014, 2016, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளின் முதல் சுற்றுப் பிக்குகளையும் 2017க்கான ஸ்வாப் உரிமையையும் எந்தப் பாதுகாப்பும் இன்றி, அதாவது முன்வரிசை இடமாக விழுந்தால் கொடுக்க வேண்டியதில்லை என்ற காப்பு எதுவும் இல்லாமல், எழுதிக் கொடுத்தார்கள். அப்போது கார்னெட்டுக்கு வயது 37, பியர்ஸுக்கு 35. இதற்குக் கிடைத்த பலன் என்ன என்று யாராவது கேட்டால், 2014 மே மாதத்து டொராண்டோ ஆட்டம் ஒன்றைத்தான் காட்ட முடியும். ப்ளேஆஃப் முதல் சுற்றின் ஏழாவது, கடைசி ஆட்டம். புரூக்ளின் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. கடைசி நொடிகளில் கைல் லவுரி கூடையை நோக்கிப் பாய்ந்து வீசிய பந்தைப் பியர்ஸ் தடுத்துத் தட்டிவிட்டார். 104க்கு 103 என்று வெற்றி. அடுத்த சுற்றில் மயாமி இவர்களை ஐந்தே ஆட்டங்களில் வீட்டுக்கு அனுப்பியது. அந்தக் கோடையிலேயே பியர்ஸ் வாஷிங்டனுக்குப் போய்விட்டார். 2015 பிப்ரவரியில் கார்னெட்டும் கிளம்பினார். ஒரு பருவத்துக்கு, சம்பள வரம்பைத் தாண்டியதற்கான ஆடம்பர வரியாக மட்டும் சுமார் 9 கோடி டாலர் கட்டி வாங்கியது, ஒரு சுற்று வெற்றி.

கடன்சீட்டு அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. 2015–16 பருவத்தில் நெட்ஸ் 21 ஆட்டங்களில் மட்டும் வென்றது. அந்தத் தோல்விகளின் பயனாக வந்த 3ஆவது பிக்கில் பாஸ்டன் ஜேலன் பிரவுனை எடுத்தது. மறு ஆண்டு 20 வெற்றிகளோடு லீகிலேயே கடைசி இடம். ஸ்வாப் உரிமையால் முதல் பிக் பாஸ்டனுக்குப் போயிற்று. அதைப் பிலடெல்பியாவிடம் கொடுத்து, 3ஆவது இடத்துக்கு இறங்கி, உபரியாக இன்னொரு பிக்கையும் பெற்றுக்கொண்டு ஜேசன் டேட்டமை எடுத்தார்கள். 2024இல் பாஸ்டன் தன் 18ஆவது கோப்பையை வென்றபோது அணியின் இரு தூண்கள் இந்த இருவரே. இறுதித் தொடரின் சிறந்த வீரர் பிரவுன். 2013இல் அந்தப் பேரத்தைப் பேசி முடித்த நெட்ஸ் பொது மேலாளர் பில்லி கிங், பிரவுன் தேர்வாவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே, 2016 ஜனவரியில், பதவியிலிருந்து அகற்றப்பட்டிருந்தார். வருங்காலப் பிக்குகள் தாராளமாகக் கைமாறுவதற்கு இதைவிட நேரடியான விளக்கம் வேண்டியதில்லை: ஏழாண்டு கழித்துக் கட்ட வேண்டிய கடனில் கையெழுத்திடுகிறவருக்கு ஏழாண்டு வேலை உறுதி இல்லை.

இவ்வளவையும் வைத்து விற்கவே கூடாது என்று முடிவு கட்டினால் அதுவும் தவறு. 2020 நவம்பரில் மில்வாக்கி பக்ஸ், ஜூரூ ஹாலிடேவுக்காக மூன்று முதல் சுற்றுப் பிக்குகளையும் இரண்டு ஸ்வாப்களையும் எரிக் பிளெட்சோ, ஜார்ஜ் ஹில் ஆகியோருடன் சேர்த்து நியூ ஆர்லியன்ஸுடனான பேரத்தில் கொடுத்தது. ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒரே ஒரு முறை தேர்வான ஒருவருக்கு இவ்வளவா என்று அப்போது பலரும் முகம் சுளித்தார்கள். மில்வாக்கியின் நிலைமையோ வேறு. 25 வயது யானிஸின் ஒப்பந்தம் 2021இல் முடியவிருந்தது. அதற்கு முந்தைய ப்ளேஆஃபில் மயாமியிடம் அணி ஐந்தே ஆட்டங்களில் சுருண்டிருந்தது. பேரம் முடிந்த அடுத்த மாதமே யானிஸ் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்தப் பிக்குகள் ஹாலிடேவை மட்டும் வாங்கவில்லை. யானிஸையும் ஊரில் இருத்தின.

2021 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஃபீனிக்ஸ் மைதானம்; இரு அணிகளும் தலா இரண்டு ஆட்டங்களை வென்றிருந்தன; மில்வாக்கி 120–119 என்று முன்னிலையில் இருந்தபோது, பந்தோடு உள்ளே புகுந்த டெவின் புக்கர் திரும்பிய கணத்தில் ஹாலிடே அவர் கையிலிருந்தே பந்தைப் பிடுங்கினார். நேரத்தைக் கடத்தியிருக்கலாம், அப்படிச் செய்யாமல் எதிர்க்கோடி வரை ஓடி, வளையத்தின் மேலே பந்தை எறிந்தார், பின்னால் ஓடிவந்த யானிஸ் அதை அந்தரத்தில் பிடித்து உள்ளே அடித்தார். அடுத்த ஆட்டத்தில் யானிஸ் 50 புள்ளிகள் எடுக்க, 50 ஆண்டுகளுக்குப் பின் மில்வாக்கிக்குக் கோப்பை வந்தது.

அதே பருவத்தில், 2021 ஜனவரியில், புரூக்ளின் மறுபடியும் அதே சூதை ஆடியது என்பதைத்தான் நான் இங்கே முக்கியமாகக் கவனிக்கச் சொல்வேன். கெவின் டுராண்ட், கைரி இர்விங் இருவருடனும் ஜேம்ஸ் ஹார்டனைச் சேர்ப்பதற்காகத் தன்னுடைய மூன்று பிக்குகளையும் நான்கு ஸ்வாப்களையும் ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. புரூக்ளினும் மில்வாக்கியும் ப்ளேஆஃப் இரண்டாம் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் மோதின. கடைசி நொடியில் டுராண்ட் வீசிய பந்து உள்ளே விழுந்தபோது புரூக்ளின் வென்றுவிட்டதாகவே அரங்கம் ஆர்ப்பரித்தது. ஆனால் அவருடைய காலணியின் நுனி மூன்று புள்ளிக் கோட்டைத் தொட்டிருந்தது. மூன்று இரண்டானது, ஆட்டம் 109–109 என்று சமநிலையாகி, கூடுதல் நேரத்தில் மில்வாக்கி 115–111 என்று வென்றது.

ஒரு விரற்கடை தள்ளி நின்றிருந்தால் இன்று ஹார்டன் பேரத்தைப் புகழ்ந்தும் ஹாலிடே பேரத்தை இகழ்ந்தும் எழுதிக்கொண்டிருப்போமோ? கோப்பையைப் பொறுத்தவரை ஒருவேளை அப்படித்தான். ஆகையால் கோப்பை வந்ததா என்பதை மட்டும் வைத்துப் பேரத்தை எடை போடக்கூடாது; பிறகு கட்டிய விலையைப் பார்க்க வேண்டும். புரூக்ளினில் டுராண்டுக்கு 32 வயது, ஹார்டனுக்கு 31. மூவரும் வேறு ஊர்களில் பெயரெடுத்துவிட்டு வந்தவர்கள். ப்ளேஆஃபையும் சேர்த்து மூவரும் ஒன்றாக ஆடிய ஆட்டங்கள் 16. இரண்டரை ஆண்டுகூட ஆகாத நிலையில் மூவருமே போய்விட்டார்கள். அணி சரிந்தது, 2024இல் அவர்கள் ஹூஸ்டனுக்குக் கொடுத்திருந்த பிக் குலுக்கலில் 3ஆவது இடமாக வந்து நின்றது. மில்வாக்கியிலோ யானிஸ் இருந்ததால் அணி வென்றுகொண்டே இருந்தது. ஹாலிடேவுக்காக விற்ற 2025 பிக் 19ஆம் இடமாகத்தான் வந்தது. தாளில் இரண்டுமே பாதுகாப்பில்லாத முதல் சுற்றுப் பிக் என்று ஒன்றுபோலவே எழுதப்பட்டவை.

என் நிபந்தனைக்கு ஒத்துவராத இரண்டு நிகழ்வுகளையும் சொல்ல வேண்டும். 2019இல் லேக்கர்ஸ், 34 வயது லெப்ரான் ஜேம்ஸை வைத்துக்கொண்டு ஆந்தனி டேவிஸுக்காகப் பிக்குகளோடு மூன்று இளைஞர்களையும் கொடுத்தது; அடுத்த ஆண்டே கோப்பை. அங்கே இருந்தவர் மூத்தவர்; ஆனால் வந்தவருக்கு 26 வயது. அந்த வயதின் மதிப்பு ஐந்தரை ஆண்டு கழித்தும் தீரவில்லை; 2025 பிப்ரவரியில் டேவிஸைக் கொடுத்துத்தான் லூகா டான்சிச்சை டல்லஸிடமிருந்து வாங்கினார்கள். மற்றொன்று மில்வாக்கியே. யானிஸ் இருக்கும்போதே 2023இல் 33 வயது டேமியன் லில்லார்டுக்காக ஹாலிடேவையும் 2029 பிக்கையும் 2028, 2030 ஸ்வாப்களையும் கொடுத்தார்கள். பாஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்த ஹாலிடே 2024 கோப்பையில் பங்கு பெற்றார். மில்வாக்கி இரண்டு ஆண்டுகளும் இந்தியானாவிடம் முதல் சுற்றிலேயே தோற்றது. 2025 ஏப்ரலில் லில்லார்டின் குதிகால் தசைநாண் அறுந்தது. ஜூலையில், பாக்கியிருந்த சுமார் 11.3 கோடி டாலரை ஐந்தாண்டுகளுக்குப் பரப்பிக் கட்டுவதாக ஏற்று அவரை விடுவித்தார்கள். முதல் முறை சரியாகச் செய்தவர்களே மறுமுறை தடுக்கி விழுந்ததற்குக் காரணம், யானிஸின் வயதைப் பார்த்தவர்கள் வருகிறவரின் வயதைப் பார்க்காததுதான்.

பிக்குகளைப் பற்றி மட்டுமே பேசினால் ஒன்று கண்ணில் படாமல் போகும். பல பேரங்களில் உண்மையான விலை, பிக்குகளோடு கூடவே போகும் இளைஞர்தான். 2019இல் கிளிப்பர்ஸ், பால் ஜார்ஜுக்காக ஓக்லஹோமா சிட்டிக்கு ஐந்து முதல் சுற்றுப் பிக்குகளையும் இரண்டு ஸ்வாப்களையும் கொடுத்தபோது எல்லாரும் அந்த எண்ணிக்கையைக் கண்டே வாய்பிளந்தார்கள். கூடவே போன, 21 வயதுகூட நிறையாத ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. அவர் 2025இல் லீகின் மிகச்சிறந்த வீரர், இறுதித் தொடரின் சிறந்த வீரர் என்ற இரண்டு விருதுகளோடு கோப்பையையும் தூக்கினார். அந்தப் பிக்குகளில் ஒன்றில், 2022இல் 12ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட ஜேலன் வில்லியம்ஸ், இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளிகள் எடுத்தார். ஜார்ஜோ 2024இல் ஒப்பந்தம் முடிந்து பிலடெல்பியாவுக்குப் போய்விட்டார். கிளிப்பர்ஸுக்குப் பதிலாக எதுவும் கிடைக்கவில்லை. அதே கோடையில் கிளிப்பர்ஸில் சேர்ந்த இன்னொரு நட்சத்திரம் கவாய் லெனர்ட் வருவதே ஜார்ஜ் வருவதைப் பொறுத்திருந்தது என்பதால் கிளிப்பர்ஸை முழுதாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் மேசையில் உட்காரும் மேலாளரிடம் நான் சொல்வது: இன்னும் ஒரு பிக் வேண்டுமானால் கொடுங்கள், அந்தப் பையனை மட்டும் விடாதீர்கள்.

லீகுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையே 2023இல் கையெழுத்தான தொழிலாளர் ஒப்பந்தம் இந்தக் கணக்கை மேலும் கடுமையாக்கியிருக்கிறது. சம்பளச் செலவு 'இரண்டாம் ஏப்ரன்' என்னும் மேல்வரம்பைத் தாண்டினால், அந்த அணி இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. ஏழாண்டு தள்ளி இருக்கும் முதல் சுற்றுப் பிக்கை விற்கவும் முடியாது. தொடர்ந்து வரம்பை மீறினால் அந்தப் பிக் முதல் சுற்றின் கடைசி இடத்துக்குத் தள்ளப்படும். மூன்று பெருஞ்சம்பள வீரர்களை வைத்திருக்கும் அணி, மற்ற இடங்களைக் குறைந்த சம்பளக்காரர்களால்தான் நிரப்பியாக வேண்டும். நல்ல ஆட்டக்காரர்கள் குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கும் முக்கிய வாசல் முதல் சுற்று டிராஃப்ட். அங்கே தேர்வாகிறவரின் சம்பளம் முன்பே வகுத்த அட்டவணைப்படிதான்; நான்காண்டு வரை அணியின் பிடியில் இருப்பார். அந்த வாசலை விற்றுத்தான் நட்சத்திரத்தை வாங்குகிறார்கள்.

ஃபீனிக்ஸ் அப்படித்தான் சிக்கியது. 2023 பிப்ரவரியில் 34 வயது டுராண்டுக்காக மைக்கல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன் முதலியோருடன் 2023, 2025, 2027, 2029 ஆகிய நான்கு ஆண்டுகளின் பிக்குகளையும் ஒரு ஸ்வாப்பையும் கொடுத்தார்கள். 2029 டிராஃப்டின்போது டுராண்டுக்கு 40 வயது நிறைந்திருக்கும். அதைக் கணக்கிட விரல்களே போதும். அதே கோடையில் பிராட்லி பீலையும் வாங்கினார்கள். 2025இல் 36 வெற்றிகளோடு ப்ளேஆஃபுக்கே தகுதி பெறவில்லை. டுராண்டை ஹூஸ்டனுக்கு விற்றபோது திரும்பக் கிடைத்தவற்றுள் 10ஆவது பிக்கும் ஒன்று. அது ஃபீனிக்ஸின் சொந்தப் பிக். டுராண்டை வாங்கக் கொடுத்ததே டுராண்டை விற்றதில் திரும்பி வந்தது.

மினசோட்டாவைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2022இல் ரூடி கோபேருக்காக நான்கு பிக்குகள், ஒரு ஸ்வாப், வாக்கர் கெஸ்லர் உட்பட ஐந்து வீரர்கள் என்று யூட்டாவுக்கு அவர்கள் வாரி வழங்கியபோது ஊரே சிரித்தது. 2013இல் பாஸ்டனிலிருந்து புரூக்ளினை மொட்டையடித்த அதே டேனி எய்ஞ்ச்தான் அப்போது யூட்டாவின் பொறுப்பில் இருந்தார் என்பதால் சிரிப்பு இன்னும் பலமாக இருந்தது. முதல் ஆண்டு தடுமாறினார்கள். ஆனால் அங்கே 20 வயது ஆந்தனி எட்வர்ட்ஸ் இருந்தார். 2024இலும் 2025இலும் மேற்கு மண்டல இறுதிச் சுற்று வரை போனார்கள். யூட்டாவுக்குக் கிடைத்த முதல் பிக், 16ஆம் இடம். அதிகம் கொடுத்துவிட்டார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். கொடுத்திருக்கக் கூடாது என்று நினைக்கவில்லை. 2029 பிக்குக்கு மட்டும், முதல் ஐந்து இடங்களுக்குள் விழுந்தால் யூட்டாவுக்குப் போகாது என்று ஒரு காப்பு எழுதி வாங்கியிருக்கிறார்கள். எட்வர்ட்ஸ் அப்போது ஊரில் இல்லாமல் போனாலும் அந்த ஓர் ஆண்டாவது தாங்கும். பேரம் பேசுகிறவர்கள் பிக்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காகச் செலவிடும் நேரத்தில் பாதியை, கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு இப்படியொரு காப்பு வாங்குவதில் செலவிடலாம்.

சொந்தப் பிக்கின் மதிப்பு என்ன என்பதை முடிவில் புரூக்ளினே விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. 2024 ஜூனில் மைக்கல் பிரிட்ஜஸை நியூயார்க் நிக்ஸுக்கு விற்று அணியைக் கலைக்க முடிவெடுத்தபோது, கலைத்துத் தோற்றாலும் பலன் ஹூஸ்டனுக்குத்தான் போகும் என்ற நிலை இருந்தது. எனவே டுராண்டை விற்றதில் ஃபீனிக்ஸிடமிருந்து வந்த பிக்குகளில் சிலவற்றை ஹூஸ்டனுக்குக் கொடுத்து, 2025க்கான ஸ்வாப்பை ரத்து செய்யவைத்து, 2026 பிக்கையும் மீட்டுக்கொண்டது. மறு ஆண்டு 26 வெற்றிகள், 8ஆவது பிக். அந்த ஜூனில் முதல் சுற்றில் மட்டும் ஐந்து பேரை எடுத்தார்கள். அவற்றுள் 19ஆம் இடம், ஹாலிடேவுக்காக மில்வாக்கி விற்று, பல கைகள் மாறி நிக்ஸ் வழியாக வந்து சேர்ந்த பிக்.